அந்தப் பச்சைக் கல்லைத் தண்ணீரில் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கனிமக் கண்காட்சி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கரும்பச்சையும் இளம்பச்சையும் வளையம் வளையமாக ஓடும் மெருகேற்றிய கல் ஒன்றின் படம் பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது. மாலகைட் என்று பெயரும் சரியாகப் போட்டிருந்தீர்கள். கனிமம் சேர்க்கும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு என்று ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் கொடுத்து எழுதியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. இந்தக் கல்லை இரவு முழுக்க ஒரு சொம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வரும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னாராம். அதை அப்படியே அச்சிட்டிருக்கிறீர்கள். மறுத்து ஒரு வரி கிடையாது. ஒரு மருத்துவரையோ, வேதியியல் தெரிந்தவரையோ கேட்டதாகவும் தெரியவில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கனிமங்கள் சேர்ப்பது எனக்கு வெகுநாள் வழக்கம். மாலகைட் எனக்கு மிகவும் பிடித்த கல். அதைத் திட்டி எழுத இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கவில்லை. அந்தக் கல்லைப் பற்றி உண்மையைச் சொல்லி விற்கட்டும், உண்மையைச் சொல்லி எழுதுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர் விஷயம், ஏனென்றால் அதில் உடம்பு சம்பந்தப்பட்டிருக்கிறது.

மாலகைட் ஒரு செம்புக் கனிமம். செம்பின் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்த சேர்மம். செம்புத் தாது உள்ள இடத்தில் மழைநீர் கீழே இறங்கி, கந்தகம் சேர்ந்த சல்ஃபைடு தாதுவைச் சிதைத்து, செம்பைக் கரைத்துக்கொண்டு போகிறது. வழியில் சுண்ணாம்புப் பாறை மாதிரி கார்பனேட் உள்ள பாறையைச் சந்திக்கும்போது அந்தச் செம்பு பச்சையாகப் படலம் படலமாகப் படிகிறது. கல்லின் எடையில் 57 சதவீதத்துக்கு மேல் செம்புதான். நூறு கிராம் கல் வாங்கினால் அதில் ஐம்பத்தேழு கிராம் செம்பு வீட்டுக்கு வருகிறது என்று கணக்கு.

இதைப் புரிந்துகொள்ள நம் வீடுகளில் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. செம்புக் குடத்தை ஈரத்தோடு மூலையில் போட்டுவைத்தால் பச்சையாக ஏறுமே களிம்பு, அதன் உறவுதான் இந்தக் கல். காற்றின் கார்பன் டை ஆக்சைடும் ஈரமும் செம்போடு சேர்ந்து உண்டாகும் அந்தப் பச்சையிலும் இந்தச் செம்புக் கார்பனேட் இருக்கிறது. எங்கள் கும்பகோணம் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைக்கக் கூடாது, புளி பட்டால் களிம்பு இறங்கிக் குமட்டும், வாந்தி வரும் என்பது இங்கே பாத்திரம் துலக்கிய எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி மோரைச் செம்புப் பாத்திரத்தில் ஊற்ற விடமாட்டாள். களிம்பேறிய சொம்பைத் தேய்த்துக் கழுவாமல் யாரும் தண்ணீர் மொண்டு குடிப்பதில்லை. அதே பொருளைக் கல் என்ற பெயரில் காசு கொடுத்து வாங்கி ஊறவைத்துக் குடிக்கும்படி உங்கள் பக்கம் சொல்கிறது.

எவ்வளவு கரையும் என்று கேட்பீர்கள். வெறும் தண்ணீரில் மாலகைட் மிகக் குறைவாகத்தான் கரையும். ஒரு வாய் குடித்தவுடன் ஒருவர் மயங்கி விழுந்துவிடுவார் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் புளிப்பு சேர்ந்தால் கதை மாறும். எந்தக் கார்பனேட்டும் அமிலத்தில் கரையும், இதுவும் அப்படித்தான். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துகொள்ளும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? கல் கிடக்கும் சொம்பிலேயே அதைப் பிழிந்தால் என்ன ஆகும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 என்ற எண்ணில் இருக்கிறது. அதன்படி ஒரு லிட்டர் தண்ணீரில் செம்பு 0.05 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 2 மில்லிகிராம். மில்லிகிராமில் பேசும் விஷயம் இது. எந்தக் கல், எவ்வளவு பெரிது, எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரம் என்று எதுவுமே சொல்லாமல் "ஊறப்போட்டுக் குடியுங்கள்" என்று எழுதினால், படிக்கிற வீட்டில் எவ்வளவு உள்ளே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. செம்பு அதிகமானால் குமட்டல், வயிற்றுவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. அந்த நோய் உள்ளவர்களின் உடம்பால் செம்பை வெளியேற்ற முடியாது, அது ஈரலிலும் மூளையிலும் தங்கிவிடும். தங்களுக்கு அது இருப்பதே தெரியாத இளவயதுப் பிள்ளைகள் உண்டு.

செம்புப் பானைத் தண்ணீர் நல்லது என்கிறார்களே, கல் மட்டும் என்ன என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். துலக்கிய செம்புப் பானை வெறும் உலோகம். அதைத் துலக்கித் துலக்கி வைப்பதே களிம்பு சேராமல் இருக்கத்தான். கல்லோ முழுக்க முழுக்கக் கார்பனேட். துலக்கிப் போக்க அதில் வேறொன்றும் இல்லை. அதோடு மண்ணிலிருந்து வந்த கல்லில் செம்பு மட்டும்தான் இருக்கும் என்றும் கிடையாது. வேறு உலோகங்களின் கனிமங்கள் கூடவே ஒட்டி வருவது உண்டு. கடைக்கு வருவதற்குள் விரிசலை அடைக்க ரெசின் என்ற செயற்கைப் பிசின் ஊற்றியிருப்பார்கள், பளபளப்புக்கு மெழுகு தடவியிருப்பார்கள். அவை எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சொம்புக்குள் இறங்குகின்றன.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வீட்டுப் பூஜை அறையில் கட்டைவிரல் அளவு பச்சை லிங்கம் ஒன்றைப் பார்த்தேன். மரகத லிங்கம் என்று சொல்லி வாங்கியிருக்கிறார்கள். கையில் எடுத்ததும் வளையங்கள் தெரிந்தன, மாலகைட். மரகதத்தில் அந்த வளையம் இருக்காது. மரகதம் பெரில் என்ற கனிம வகை. கடினம், ஒன்றிலிருந்து பத்து வரை போகும் மோஸ் அளவில், ஏழரையிலிருந்து எட்டு. மாலகைட் மூன்றரையிலிருந்து நாலு; பேனாக்கத்தி கீறிவிடும். அந்த வீட்டில் பிரதோஷத்துக்குப் பிரதோஷம் பாலும் தயிரும் தேனும் எலுமிச்சைச் சாறும் விட்டு அபிஷேகம் செய்து, அந்தத் தீர்த்தத்தைக் குழந்தைகளுக்கும் கொடுத்துவந்தார்கள். லிங்கத்தின் மேல்பாகம் மெருகு போய், தொட்டால் சொரசொரவென்று இருந்தது. மெருகு எங்கே போயிருக்கும்? பாதி சாக்கடையில், பாதி வயிற்றில். அந்த அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். இப்போது பூவும் தீபாராதனையும் மட்டும் செய்கிறார்கள். சாமிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

அடுத்தது போலி விஷயம். உங்கள் கட்டுரை இதைத் தொடவே இல்லை.

எங்கள் தெருவில் பாலிடெக்னிக் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். என் அலமாரியைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் கல் ஆசை வந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் போய் ஒரு கண்காட்சிக் கடையில் 2,400 ரூபாய் கொடுத்து முட்டை வடிவத்தில் ஒரு பச்சைக் கல் வாங்கிவந்தான். "டீச்சர், காங்கோ மாலகைட்டுன்னு சொன்னாங்க. ஒரிஜினலான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கையில் கொடுத்தான். வாங்கியவுடனே எனக்குக் கை சொல்லிவிட்டது. அசல் மாலகைட் தொட்டால் ஜில்லென்று இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். இது இரண்டும் இல்லை. ஆனால் டீச்சர் சொன்னாள் என்று அவன் நம்பிவிட்டுப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. அவனே அளந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

மாவு நிறுக்க வைத்திருக்கும் எலக்ட்ரானிக் தராசை எடுத்துவந்தேன். முதலில் கல்லை அப்படியே நிறுத்தான்: 286 கிராம். அப்புறம் ஒரு அகலமான பாத்திரத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். பூத்தொடுக்கும் நூலில் கல்லைக் கட்டி, பாத்திரத்தின் அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல், முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கும்படி தொங்கவிட்டான். தராசு 168 காட்டியது. கல் எத்தனை கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கிறதோ அத்தனை கிராம் தராசில் ஏறும், ஆர்க்கிமிடிஸ் பாடம்தான். 286-ஐ 168-ஆல் வகுத்தால் 1.7, அதுதான் அந்தக் கல்லின் அடர்த்தி. அதே மாதிரி என் கல்லையும் செய்யச் சொன்னேன். எடை 412, தண்ணீரில் 106, வகுத்தால் கிட்டத்தட்ட 3.9. மாலகைட்டின் அடர்த்தி 3.6-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடியே 2.5 வரும். 1.7 வருவது கல்லே இல்லை. சாயம் கலந்த பிசின்.

"பில்லுல என்னப்பா போட்டிருக்கான்?" என்று கேட்டேன். எடுத்துக் காட்டினான். 'ஸ்டோன் – 1' என்று மட்டும் எழுதியிருந்தது. மாலகைட் என்றும் இல்லை, காங்கோ என்றும் இல்லை. வாயால் சொன்னதை எல்லாம் எழுத்தில் விட்டுவிட்டார்கள். அவன் எங்கே போய் நியாயம் கேட்பான்? அன்று அவன் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு அது.

இந்தத் தராசுக் கணக்கை எல்லாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். கல்லுக்கு ஒரு சேதமும் வராது. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. அடர்த்தி குறைந்து வந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம். சரியாக வந்துவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கனமான வேறு கனிமத்தூளைப் பிசினில் குழைத்து அச்சில் ஊற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். அசல் மாலகைட்டின் தூளையும் சில்லையும் பிசினில் கட்டி, கட்டியாக்கி அறுத்து விற்பதும் நடக்கிறது. அமிலச் சொட்டு விட்டால் அசல் கல் நுரைக்கும் என்பதை வைத்தும் முடிவு கட்ட முடியாது, இந்தக் கடைசி வகையும் நுரைக்கும். மெருகேற்றிய முகத்தில் அமிலம் விட்டால் அசல் கல்லும் கெட்டுப்போகும். விலை அதிகம் என்றால் ரத்தினக்கல் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதே வழி.

கண்ணாலும் ஓரளவு பிடிக்கலாம். பையனிடம் லென்ஸைக் கொடுத்து இரண்டு கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் கல்லில் பட்டைகள் ஒரே அகலம், ஓரம் கத்தரித்த மாதிரி, நிறம் இரண்டோ மூன்றோதான். ஒரு பட்டைக்குள்ளே பார்த்தால் வெறும் பச்சை, வேறொன்றும் இல்லை. என் கல்லில் எந்த இரண்டு வளையமும் ஒன்றுபோல இல்லை. ஒன்று மயிரிழை, அடுத்தது நெல் அகலம். படிகம் நுண்ணியதாக இருக்கும் அடுக்கு வெளிர்ந்தும், பெரிதாக இருக்கும் அடுக்கு கறுத்தும் தெரியும். பட்டைக்குள் உற்றுப் பார்த்தால் நுண்ணிய இழைகள் வளையத்துக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளிநோக்கி நிற்கும். கல்லைக் கொஞ்சம் சாய்த்தால் அந்த இழைகளின் மேல் வெளிச்சம் பட்டுப்புடவையில் ஓடுகிற மாதிரி ஓடும். பிசினில் இது வராது. என் துண்டு ஒரு முகம் மட்டும் மெருகேற்றியது. பின்பக்கம் பூமியிலிருந்து எடுத்தபடியே குமிழ் குமிழாக இருக்கிறது, ஒரு ஓரத்தில் அசுரைட் என்ற இன்னொரு செம்புக் கனிமத்தின் நீலத் திட்டு ஒன்றும் உண்டு. சேகரிப்பவர்கள் விரும்புவது இப்படிப்பட்டதைத்தான். முன்முகத்தில் உள்ளே எப்படி வளர்ந்தது என்று தெரிகிறது, பின்முகத்தில் வெளியே எப்படி இருந்தது என்று தெரிகிறது. முட்டையாகவும் உருண்டையாகவும் முழுக்க இழைத்துவிட்டால் இரண்டாவது போய்விடும். அழகு இருக்கும், பாதி விஷயம் இருக்காது.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் படத்துக்குக் கீழே அது இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை.

மாலகைட்டுக்கு 19ஆம் நூற்றாண்டில் பேர்போன இடம் ரஷ்யாவின் யூரல் மலை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் குளிர்கால அரண்மனை 1837-இல் தீப்பற்றி எரிந்த பிறகு திரும்பக் கட்டியபோது, பிரியுல்லோவ் என்ற கட்டடக்கலைஞர் ஒரு கூடம் முழுக்க மாலகைட் தூண்கள் வைத்தார். எட்டுத் தூண்கள். ஆனால் அவை முழுக்கல் இல்லை. சில மில்லிமீட்டர் தடிமனில் கல்லைச் சீவி, வளையத்தோடு வளையம் பொருந்தும்படி ஒட்டி, இணைப்பு தெரியாமல் தேய்த்திருக்கிறார்கள். அதை அவர்கள் மறைக்கவில்லை. ரஷ்ய மொசைக் என்று அந்த வேலைக்கே பெயர் வைத்தார்கள். 1917-இல் ரஷ்யாவின் இடைக்கால அரசு கூடிப் பேசியதும் அந்தக் கூடத்தில்தான். அந்தப் பழைய யூரல் சுரங்கங்கள் வெட்டித் தீர்ந்துபோனவை. ஆகவே ரஷ்ய மாலகைட் என்று யாராவது மலிவு விலைக்கு நீட்டினால் யோசிக்க வேண்டும்.

இன்று சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், கட்டாங்கா பகுதியிலிருந்து வருகிறது. கொல்வேசி, லிகாசி, லுபும்பாஷி என்று ஊர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஜாம்பியாவின் செம்பு வட்டாரம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்குள்ளவர்கள் இந்தப் பச்சைக் கல்லை உருக்கிச் செம்பெடுத்து, பெருக்கல் குறி வடிவில் வார்த்து, அதைக் காசாகப் புழங்கியிருக்கிறார்கள். கட்டாங்கா சிலுவை என்று அருங்காட்சியகங்களில் அவை இருக்கின்றன. 1906-இல் தொடங்கிய பெல்ஜியக் கம்பெனி ஒன்று பிறகு அந்தச் செம்பை அள்ளியது. இப்போது உலகின் கோபால்ட் உலோகத்தில் பாதிக்கும் மேல் அதே மண்ணிலிருந்து போகிறது. நம் கைபேசி பேட்டரிக்குள் இருப்பதும் அதுதான். அங்கே கம்பெனிச் சுரங்கத்தோடு, மண்வெட்டியும் கடப்பாரையும் வைத்துக் குழிக்குள் இறங்கும் ஆயிரக்கணக்கான ஏழைகளும் இருக்கிறார்கள். சிறுவர்களும் அதில் உண்டு. அலமாரியில் வைக்கும் மாலகைட்டில் எத்தனையோ அவர்கள் கையால் வந்தவை. 'ஆப்பிரிக்கக் கல்' என்று ஒரே சொல்லில் எழுதும்போது அந்த ஊரும் மறைகிறது, அந்த மனிதர்களும் மறைகிறார்கள். கொல்வேசி என்று எழுதியிருந்தால், வாங்குகிற பிள்ளை வரைபடத்தை எடுத்துத் தேடுவான். தேடினால் இதெல்லாம் அவனுக்குத் தெரியவரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்வம் வர நான் எப்போதும் சொல்வது ஒன்று: உலகக் கோப்பை கால்பந்துக் கோப்பையைப் பாருங்கள், அதன் அடியில் இரண்டு பச்சை வளையம் இருக்கும், அது மாலகைட். 1974-இலிருந்து கொடுக்கும் கோப்பை அது. தங்கத்துக்குப் பக்கத்தில் வைக்கும் தகுதி இந்தக் கல்லுக்கு உண்டு. சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒருத்தராவது வீட்டுக்குப் போய்ப் படத்தைத் தேடியிருப்பார்கள்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியதே சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளோடுதான். சிலைகளும் நாணயங்களும் பின்னால் வந்து சேர்ந்தவை. அருங்காட்சியகத்தில் ஒரு கல் வைத்தால் பெயரும் கிடைத்த இடமும் எழுதிய சீட்டு கூடவே இருக்கும். சீட்டு தொலைந்தால் அந்தக் கல்லை வைத்து ஆராய்ச்சி செய்ய முடியாது. எந்தச் சுரங்கம், எந்தப் பாறை என்று தெரியாத மாதிரி யாருக்கும் உதவாது. தனியாகச் சேகரிக்கிறவர்களும் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறோம். என்னிடம் உள்ள மாலகைட்டோடு வந்த பழைய சீட்டில் கொல்வேசி என்று மை மங்கிப்போய் எழுதியிருக்கிறது. அந்தச் சீட்டைக் கல்லோடு சேர்த்தே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இந்தக் கல் யார் கைக்குப் போனாலும் சீட்டும் கூடப் போக வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன்.

ஆகவே கண்காட்சி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லாத காரியம். கடை போடுகிற ஒவ்வொருவரும், விற்கிற ஒவ்வொரு கல்லோடும் சிறு சீட்டு கொடுக்க வேண்டும். அதில் கனிமத்தின் பெயர், கிடைத்த நாடும் ஊரும், சாயமோ பிசினோ ஏற்றியிருந்தால் அதுவும். பில்லிலும் அதே பெயர் இருக்க வேண்டும். செயற்கை என்றால் செயற்கை என்றே எழுதி அதற்குரிய விலைக்கு விற்கட்டும். அழகுக்கு அதை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கி ஆறு எழுத்து அடையாள எண் வரை கொண்டுவந்துவிட்டோம். கல்லுக்கு ஒரு சீட்டு கேட்பது அதிகமா? ஒரு பொருளை இன்னொன்று என்று சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லாதபோது அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு பாலிடெக்னிக் பையன் என்ன செய்வான்?

வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையைப் பார்த்துப் பலர் வாங்கியிருப்பார்கள். பூஜை சாமான் மாதிரி நினைத்து மாலகைட்டைப் புளி போட்டோ, எலுமிச்சைத் தோல் வைத்தோ, பாத்திரம் பளபளக்கும் பொடி போட்டோ தேய்க்காதீர்கள். ஒரே தேய்ப்பில் மெருகு போய்விடும். ஈரத் துணியால் துடைத்து உடனே உலரவைத்தால் போதும். வெந்நீர் கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கக் கூடாது. அதிகச் சூட்டில் இந்தப் பச்சை சிதைந்து கறுத்த செம்பு ஆக்சைடாகிவிடும். கீழே விழுந்தால் உடையும். தொடுவதாலும் கையில் வைத்திருப்பதாலும் எந்தக் கெடுதலும் இல்லை, குழந்தைகள் தாராளமாகக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்தக் கல்லை இழைக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மாலகைட்டை உலர் நிலையில் அறுத்தாலோ தேய்த்தாலோ பச்சைத்தூள் பறக்கும். மூச்சில் போனால் கெடுதல். தண்ணீர் விட்டு விட்டுத்தான் இழைக்க வேண்டும், முகமூடி வேண்டும். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற சிலிக்காக் கல் இழைக்கிறவர்கள் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்து இளவயதிலேயே இறந்துபோன செய்தி புதிதில்லை. அது சிலிக்காத் தூசி, இது செம்புத் தூசி. இரண்டுக்கும் ஈரமும் காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம். வீட்டிலேயே கல் இழைக்கும் சின்ன மெஷின் வாங்கலாம் என்று உங்கள் கட்டுரை கடைசியில் யோசனை சொல்கிறது. இந்தப் பாதுகாப்பைச் சொல்லாமல் அந்த யோசனையைச் சொல்லியிருக்கக் கூடாது.

கடைசியாக உங்களுக்கே ஒரு வார்த்தை. தாயத்து, மந்திரம், கவசம் போன்றவற்றால் குறிப்பிட்ட சில நோய்கள் தீரும் என்று விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டிலேயே மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ரத்த அழுத்தமும் இருக்கிறது, நீரிழிவும் இருக்கிறது. நீங்கள் போட்டது விளம்பரம் இல்லை, செய்தி என்று சொல்லலாம். படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. விளம்பரத்தைவிடச் செய்தியைத்தான் அவர் நம்புகிறார், அதனால் உங்கள் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "இந்தக் கல்லு எங்கம்மா கெடைக்கும்?" என்று கேட்டார். மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

அதனால் தயவுசெய்து, அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அதே அளவு பெட்டியில் ஒரு திருத்தம் போடுங்கள். உள்பக்கத்தில் மூலையில் போட்டால் அந்தப் பெரியவர் கண்ணில் படாது. வாசகம் நானே எழுதித் தருகிறேன்: "மாலகைட் ஒரு செம்புக் கனிமம். அதை ஊறவைத்த தண்ணீரையோ, அபிஷேகம் செய்த தீர்த்தத்தையோ குடிக்கக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது." இதோடு, படத்தில் உள்ள கல் எந்த நாட்டில் எந்த ஊரில் எடுத்தது என்று கடைக்காரரிடம் கேட்டு அதையும் சேர்த்துப் போட்டால் நன்றியோடு இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
கும்பகோணம்.